கீரைப் பாத்தியில் ஒரு வகுப்பு: சிறப்புத் தேவையுள்ள மாணவருக்குச் செயல்திட்ட முறை

எழுத்தும் எண்ணும் முதலில் கைவரட்டும், செயல்திட்டம் போன்ற ஆடம்பரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்னும் அபிப்பிராயம் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களிடையே இன்றும் பரவலாக இருந்து வருகிறது. குழந்தையைச் சிரமப்படுத்தக் கூடாது என்னும் நல்லெண்ணத்திலிருந்தே அது பிறப்பதால் அதை எளிதில் கண்டிக்கவும் மனம் வருவதில்லை. ஆயினும், மணல் தட்டில் ஓர் எழுத்தின்மேல் வருஷக்கணக்காக விரலை ஓட்டிக்கொண்டிருந்தும் அதை எதற்காக ஓட்டுகிறோம் என்பதை அறியாத பையன், தன் பெயர்ச் சீட்டை எந்தச் செடியின் அருகே ஊன்ற வேண்டும் என்கிற அவசியம் நேர்ந்தவுடன் அப்பெயரின் முதல் எழுத்தைத் தேடத் தொடங்குவான் என்பது இந்தத் துறையில் பழகிய ஆசிரியர்களுக்குத் தெரிந்த விஷயமே. ஆகவே, அடிப்படைகளை முடித்தவனுக்குத் தரும் பரிசாகச் செயல்திட்டத்தைக் கருதாமல், அடிப்படைகளைக் கற்பதற்குரிய காரணத்தையே கொடுக்கும் களமாக அதைக் கருதுவது இந்த அத்தியாயத்தின் கொள்கை.

சரித்திரமும் இதற்கு அனுகூலமாகவே சாட்சி சொல்கிறது. பெல்ஜியம் நாட்டு வைத்தியரான ஓவீட் டெக்ரோலி, 1901-ம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் வளர்ச்சி பிறழ்ந்த குழந்தைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, உணவு, வெயில் மழையிலிருந்து பாதுகாப்பு, ஆபத்திலிருந்து தற்காப்பு, கூடி உழைத்தல் என்னும் மனிதத் தேவைகளை மையமாக வைத்துப் பாடங்களை அமைத்தார். அங்கே பெற்ற அனுபவத்தைக் கொண்டே 1907-ம் ஆண்டில் சாதாரணக் குழந்தைகளுக்கான பள்ளியையும் நிறுவினார். அதே ஆண்டில் ரோமாபுரியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவரும், பிற்பாடு 1939-ம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவருமான மரியா மாண்டிசோரி அம்மையார், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் பழகிக் கண்ட உபாயங்களையே மற்றக் குழந்தைகளுக்கும் எடுத்துச் சென்றார். அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பாட்ரிக் 1918-ல் எழுதிய கட்டுரையில் நோக்கம் கொள்ளுதல், திட்டமிடுதல், நிறைவேற்றுதல், சீர்தூக்குதல் என்று செயல்திட்டத்துக்கு நான்கு படிகளை வகுத்துக் காட்டினார். கைகளால் செய்து கற்கும் வழி, எந்தக் குழந்தைகளுக்கு ஒத்துவராது என்று நாம் தயங்குகிறோமோ அந்தக் குழந்தைகளிடமிருந்தே பெரும்பகுதி நமக்கு வந்திருக்கிறது என்பதை ஆசிரியர் நினைவில் வைத்துக்கொண்டால் தயக்கத்துக்கு இடமிராது.

எது செயல்திட்டம் ஆகாது என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம். கடையில் வாங்கிய அட்டையில், கடையில் வாங்கிய படங்களை, முந்தின இரவு தாயாரோ தகப்பனாரோ ஒட்டிக் கொடுக்க, மறுநாள் குழந்தை அதைக் கையில் ஏந்தி வந்து சுவரில் மாட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காரியத்துக்கு இப்போது எல்லாப் பள்ளிகளிலும் 'ப்ராஜெக்ட்' என்று பெயர் வழங்குகிறது. தெர்மாகோல் வியாபாரத்துக்கு அதனால் லாபம் உண்டு. குழந்தைக்கு உண்டு என்று சொல்வதற்கில்லை. பிறருக்கு மெய்யாகவே தேவைப்படும் ஒரு பொருளோ சேவையோ முடிவில் கிடைக்க வேண்டும். அது கிடைக்காமற் போனால் யாருக்கேனும் குறை தெரிய வேண்டும். இவ்விரண்டும் இல்லாத வேலை வேஷமாகிவிடுகிறது. வேஷத்தைக் கண்டுபிடிப்பதில் அறிவுத்திறன் குறைந்த குழந்தைகள் எனப்படுபவர்கள் மற்றவர்களுக்கு எவ்விதத்திலும் குறைந்தவர்களல்லர்.

தமிழ்நாட்டுப் பள்ளியொன்றில் இந்த லட்சணங்களுக்கு மிகவும் பொருந்திவரும் முதல் செயல்திட்டம் கீரைப் பாத்தி என்பது என் முடிவு. சத்துணவுக் கூடம் பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. சமையல் செய்யும் அம்மாளுக்குக் கீரை வேண்டியிருக்கிறது. விதைத்த வாரத்திலேயே முளை தெரிகிறது. ஒரு மாதத்துக்குள் அறுவடையும் ஆகிவிடுகிறது. காலத்தின் தூரத்தை மனத்தில் பிடித்துவைக்க முடியாத குழந்தைக்கு, ஆறு மாதம் கழித்துக் காய்க்கும் பப்பாளியைக் காட்டி ஆசையூட்டுவது வீண்.

விதையைத் தேர்ந்தெடுப்பதிலும் ஆலோசனை வேண்டும். தண்டுக்கீரை, சிறுகீரை ஆகியவற்றின் விதை மிகச் சிறியது. விரல்நுனிகளைக் குவித்துப் பிடிக்கச் சிரமப்படும் குழந்தையின் கையில் அது ஒரே இடத்தில் கொட்டிப் போய்விடும். அத்தகைய விதையை, குடியானவர்கள் செய்வதுபோலவே, உலர்ந்த மணலோடு கலந்து தூவச் செய்யலாம். ஆனால், முதல் தடவைக்கு வெந்தயமே உத்தமமானது. கண்ணுக்குத் தெரியும் அளவும் விரலுக்கு அகப்படும் கனமும் அதற்கு உண்டு. பார்வையற்ற குழந்தை அதன் மூலை முடுக்கைத் தடவியும் வாசனையை முகர்ந்தும் அறிந்துகொள்ளும். வீட்டு அஞ்சறைப் பெட்டியிலேயே கிடைப்பதால் ஒவ்வொரு குழந்தையும் ஒரு பிடி கொண்டுவர முடியும். இரவு ஊறவைத்து விதைத்தால் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் முளைத்து, ஏறக்குறைய நான்காம் வாரத்தில் பறிக்கத் தயாராகிவிடும். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் விதை கரைந்து போகும் அபாயம் இருப்பதால், தை, மாசி மாதங்களின் இளங்குளிர் இதற்கு ஏற்ற காலம்.

பாத்தியின் அகலம் மூன்று அடிக்கு மேற்பட வேண்டாம். எந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் நடுவரைக்கும் குழந்தையின் கை எட்ட வேண்டும் என்பதே கணக்கு. சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்குத் தரைப் பாத்தி உதவாது. இரண்டரை அடி உயரத்தில், முழங்கால்கள் அடியில் நுழையும்படி, மேஜையைப் போல நான்கு கால்மேல் நிற்கும் தொட்டியை உள்ளூர்த் தச்சரைக் கொண்டு செய்துகொள்ள வேண்டும். எட்டு அங்குல ஆழ மண் கீரைக்குத் தாராளமாகப் போதும். நடைபாதை நான்கு அடி அகலமும் கெட்டியான தரையும் உடையதாக இருப்பது நலம். நாற்காலிக் குழந்தையைப் பாத்தியின் ஓரத்தில் நிறுத்தி, "நீ பார்த்துக்கொண்டிரு, கண்ணு" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போகும் வழக்கத்தை, இந்த ஒரு தொட்டி செலவில்லாமல் என்று சொல்ல முடியாவிட்டாலும் சொற்பச் செலவில், ஒழித்துவிடும்.

இனி, இந்த முறையின் உயிர்நிலையான பகுதிக்கு வருகிறோம். நமக்கு ஒரே செயலாகத் தோன்றுவது குழந்தைக்குப் பல செயல்களின் கோவை என்பதை ஆசிரியர் மறந்துவிடுவதாலேயே முக்கால்வாசிச் செயல்திட்டங்கள் கெட்டுப்போகின்றன. 'செடிக்குத் தண்ணீர் ஊற்று' என்பது நமக்கு மூன்று சொற்கள். ஆனால் பூவாளியை அதன் இடத்திலிருந்து எடுத்தல், குழாயடிக்குப் போதல், குழாயைத் திறத்தல், பூவாளியில் வர்ணத்தால் போட்ட கோடு வரைக்கும் நீர் நிரம்பியதும் மூடுதல், சிந்தாமல் சுமந்து வருதல், தன் வரிசையைக் கண்டுபிடித்தல், சாய்த்து ஊற்றுதல், காலியானதும் பழைய இடத்தில் வைத்தல் என்று அது விரிகிறது. ஆசிரியர் முதலில் தாமே இதைச் செய்து பார்த்து, தாம் செய்த ஒவ்வோர் அசைவையும் எழுதிக்கொண்டு, பிறகு குழந்தையைச் செய்யச் சொல்லி எந்த இடத்தில் சங்கிலி அறுகிறது என்று கவனிக்க வேண்டும். 'இவனுக்கு இது வராது' என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகளில் பலருக்கு எட்டுப் படிகளில் ஆறு ஏற்கெனவே வரும். வராதவை குழாயைத் திறப்பதும் நிறுத்துவதும் மாத்திரமே. திருகு குழாயை எடுத்துவிட்டு நெம்புகோல் வைத்த குழாயை மாட்டினால் அவற்றிலும் ஒன்று தீர்ந்துபோகிறது.

முற்றிலும் புதிதாகக் கற்கும் குழந்தைக்குக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்பிப்பது சிறந்த தந்திரம். முதல் ஏழு படிகளையும் ஆசிரியர் உடனிருந்து நடத்திக் கொடுத்து, காலிப் பூவாளியைக் கொண்டுபோய் வைக்கும் இறுதிச் செயலை மட்டும் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். அது கைவந்தபின் ஊற்றுவதையும் விட வேண்டும். இவ்வாறே படிப்படியாக முன்னேறிக் குழாயடிக்குப் போக வேண்டும். தொடக்கத்திலிருந்து கற்பித்தால், குழந்தை தோற்றுப்போன இடத்தில் ஆசிரியர் வேலையை வாங்கிக்கொண்டு முடிப்பார். முடித்த திருப்தி ஆசிரியருக்குச் சேரும். கடைசியிலிருந்து கற்பித்தால் ஒவ்வொரு நாளும் காரியத்தை முடித்தவன் குழந்தையே.

உதவி செய்யும் அளவுக்கும் ஒரு நிதானம் உண்டு. கையைப் பிடித்துச் செய்விப்பது மிகப் பெரிய உதவி. சுட்டிக்காட்டுவது அதற்குக் குறைந்தது. வாய்ச்சொல் இன்னும் குறைந்தது. ஒன்றும் சொல்லாமல் எதிர்பார்ப்போடு பக்கத்தில் நிற்பது எல்லாவற்றிலும் குறைந்தது. கூடியவரையில் குறைந்த உதவியிலிருந்து தொடங்கி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மனத்துக்குள் பத்து எண்ணும் வரையிலாவது பொறுத்திருக்க வேண்டும். இந்தப் பத்து எண்ணிக்கைதான் ஆசிரியப் பயிற்சியிலேயே கடினமான பாடம் என்பது என் அபிப்பிராயம். நாற்பது பேர் வகுப்பில் பழகிய நமக்கு மௌனம் என்றால் பயம். குழந்தைக்கோ அந்த மௌனம் யோசிப்பதற்கான அவகாசம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வாய்ச்சொல் காற்றோடு போய்விடும். கண்ணுக்கு முன் நிலைத்து நிற்பது அவர்களுக்கு ஆறுதல். அந்தப் பூவாளியையும் அந்தக் குழாயையும் செல்பேசியில் படம் பிடித்து, படிகளின் வரிசைப்படி ஒரு நீண்ட அட்டையில் ஒட்டி, முடிந்த படியின் படத்தைக் குழந்தையே திருப்பிப் போடும்படி அமைத்தால், அடுத்து என்ன என்னும் கலக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். புத்தகத்திலிருந்து வெட்டிய ஏதோ ஒரு பூவாளியின் சித்திரம் வேண்டாம். நம் பூவாளி பச்சை, படத்தில் இருப்பது சிவப்பு என்றால் அவை இரண்டும் வேறு பொருள்கள் என்றே சில குழந்தைகள் கொள்வார்கள். தர்க்கப்படி அவர்கள் கொள்வது சரியும்கூட. பேச்சு வராத மாணவர்களுக்குப் படத்தைத் தொட்டால் குரல் எழுப்பும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான 'அவாஸ்' தமிழிலும் பேசும். அதற்கு வசதியில்லாத இடத்தில் 'தண்ணீர்', 'போதும்', 'உதவி' என்னும் மூன்று அட்டைகளைக் கழுத்தில் மாட்டிவிட்டாலும் வேலை நடக்கும். இந்த மூன்றில் 'போதும்' என்பதை ஆசிரியர்கள் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். நிறுத்தச் சொல்ல வழியில்லாத குழந்தை பூவாளியை வீசி எறிந்தால் அது குற்றமாகாது.

செவித்திறன் குறைந்த மாணவர்கள் இருக்கும் குழுவில், விதை, முளை, களை, அறுவடை போன்ற சொற்களுக்குரிய சைகைகளை வேலை தொடங்குமுன்பே எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். டில்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் 2018-ம் ஆண்டு முதல் சைகை அகராதி வெளியிட்டு வருகிறது, அதைப் பார்க்கலாம். ஆனால், உங்கள் மாணவர் முன்பே ஒரு சைகையை வழங்கிவந்தால் அதையே குழுவுக்குப் பொதுவாக்கிக்கொள்வது மரியாதை.

சேறு தொடவே கூசும் குழந்தையை வற்புறுத்த வேண்டாம். கையுறையோ கைக்கரண்டியோ கொடுங்கள், அதுவும் ஆகாவிட்டால் விதை ஊறவைக்கும் வேலையை ஒப்படையுங்கள். மண்ணை வாயில் போடும் வழக்கமுள்ள பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும்; இந்தக் காரணத்துக்காகவே மருந்தும் ரசாயன உரமும் பாத்திக்கு அருகிலும் வரக்கூடாது. தாகத்தைச் சொல்லத் தெரியாத குழந்தைகள் உண்டாகையால் தோட்ட வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்து, நடுவில் எல்லோரும் நீர் அருந்தும் வேளையை அட்டையிலேயே ஒரு படியாகச் சேர்த்துவிடுங்கள்.

சாதாரணப் பள்ளியில் எல்லா மாணவரும் கலந்து வேலை செய்யும்போது நேரும் இடர் வேறு வகையானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, கணிசமான குறைபாடுள்ள ஆறு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அளித்திருக்கிறது. சட்டம் குழந்தையை வகுப்புக்குள் கொண்டுவந்து உட்காரவைத்துவிடும். குழுவுக்குள் கொண்டுவருவது ஆசிரியரின் பொறுப்பு. கெட்டிக்காரப் பிள்ளைகள் நான்கு பேர் எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்து, சிறப்புத் தேவையுள்ள தோழனுக்கு ரிப்பன் பிடிக்கும் வேலையைக் கொடுப்பார்கள். அதில் அவர்களுக்குப் பெருமையும்கூட. இதற்குப் புத்திமதி சொல்லிப் பிரயோஜனமில்லை. வேலையையே வேறுவிதமாகப் பின்ன வேண்டும். ஒருவன் எண்ணிக் கொடுத்தால்தான் அடுத்தவள் கட்ட முடியும், அவள் கட்டினால்தான் மற்றொருவன் கணக்கில் எழுத முடியும் என்று அமைத்துவிட்டால், எண்ணுகிறவன் பத்து வரைக்கும் மட்டுமே எண்ணத் தெரிந்தவனாக இருந்தாலும் அவனைத் தாண்டிக்கொண்டு போக யாராலும் இயலாது. பத்துக் கீரைத் தண்டு ஒரு கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பள்ளமுள்ள ஒரு பலகையை அவனுக்குக் கொடுங்கள். பள்ளம் நிறைந்தால் எண்ணிக்கையும் நிறைந்தது.

ஒரே அறுவடையில் பலருக்குப் பல பாடங்கள் கிடைப்பது இந்த முறையின் சௌகரியம். சிறப்பாசிரியர் ஒவ்வொரு குழந்தைக்கும் தயாரித்து வைத்திருக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தை அலமாரியில் பூட்டிவைக்காமல் பாத்தியோரத்துக்குக் கொண்டுவர வேண்டும். உதவி கேட்கப் பழகுவது ஒரு குழந்தையின் இலக்காக இருந்தால், கட்டும் நூலை அவள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அவள், "டீச்சர், நூல்" என்று சொல்லவோ அட்டையைக் காட்டவோ சந்தர்ப்பம் உண்டாக்குங்கள். எழுதுவதில் கற்றல் குறைபாடுள்ள எட்டாம் வகுப்பு மாணவன், எத்தனை கட்டு, கட்டுக்கு என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று பெருக்கிக் கணக்கிட்டு, அதைத் தாளில் எழுதாமல் தன் குரலிலேயே பதிவு செய்து தரட்டும். விளைச்சலை விளக்குவதற்கு எழுத்து ஒரு வழிதான். அதையே ஒரே வழியாக வைத்துக்கொண்டால் அவனுடைய கணித ஞானத்தைக் கையெழுத்தின் குற்றத்துக்காகத் தண்டித்தவர்களாவோம்.

ஆடு மேய்ந்துவிடுவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலிக்குள் புகுந்த ஓர் ஆடு திங்கட்கிழமைக் காலையில் இருபது குழந்தைகளின் மூன்று வார உழைப்பைத் தின்றுவிட்டிருக்கும். எதிர்பாராத மாறுதலைத் தாங்க முடியாத பிள்ளைகள் அன்று அழுவார்கள், கத்துவார்கள். இதற்கு முன்யோசனையாக முதல் பாத்தி விதைத்த மறுவாரமே இரண்டாவது பாத்தியையும் விதைத்துவைப்பது விவேகம். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும். ஆனால், ஆசிரியர் அவசரப்பட்டு, குழந்தைகள் வருவதற்குள் கடையிலிருந்து கீரை வாங்கி நட்டு வைத்துவிடக் கூடாது. ஆடு எப்படி வந்தது, எந்த இடத்தில் படல் தளர்ந்திருக்கிறது என்று தேடுவதும், அதைக் கட்டுவதும் செயல்திட்டத்துக்குள் அடங்கியவையே. பாடத்திட்டத்தில் எழுதியிராத இந்தப் பகுதியில்தான் குழந்தைகள் தாங்களாக யோசிப்பதை அதிகமாகக் காணலாம்.

மதிப்பிடுவதற்கு மதிப்பெண் வேண்டாம். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, வேலையின் படிகளை இடப்புறம் எழுதி, வாரத்தில் ஒரு நாள் அந்தந்தப் படியை எந்த உதவியோடு செய்தான் என்பதைக் குறியுங்கள்: கைபிடித்து, சுட்டிக்காட்டி, வாய்ச்சொல்லால், தானாக. எட்டு வாரங்களில் 'கை' என்னும் குறி 'சொல்' என்று மாறியிருந்தால் அது முன்னேற்றம். மாறாதிருந்தால் குறை படியைப் பிரித்த விதத்தில் இருக்கக்கூடும், அதை இன்னும் இரண்டாகப் பிரியுங்கள். குழந்தையும் தன் வேலையைச் சீர்தூக்க வேண்டுமென்று கில்பாட்ரிக் சொன்னதை, சிரித்த முகமும் அழுத முகமும் வரைந்த அட்டையை நீட்டி முடித்துவிடுகிறோம். எந்தக் குழந்தையும் சிரித்த முகத்தையே தொடும். அதைவிட, முதல் வாரப் படத்தையும் நான்காம் வாரப் படத்தையும் அருகருகே வைத்து எது முந்தியது என்று கேட்பதும், அடுத்த தடவை எந்த வேலை வேண்டும் என்று கேட்டு அந்தப் பதிலின்படியே வேலை கொடுப்பதும் மெய்யான மதிப்பீடு.

பெற்றோருக்கும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். பள்ளியில் தானாகவே பூவாளி நிரப்பும் பையனுக்கு வீட்டில் தாயார் தம்ளரில் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். அது அன்பின் மிகுதி. படி வாரியாக எழுதிய குறிப்பைப் பார்த்த பிறகு, எங்கே கையை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவருக்கே புலப்படும்.

ஆண்டு முடிவில் ஆசிரியர்கள் மாற்றலாகிப் போகிறார்கள். குழந்தைகள் அதே பள்ளியில் இருக்கிறார்கள். ஜூன் மாதம் வரும் புதிய ஆசிரியர் ஒன்றும் தெரியாதவராய் மறுபடியும் கைபிடித்தே தொடங்குவதால் எத்தனையோ பிள்ளைகள் வருஷந்தோறும் முதற்படிக்கே திரும்பித் தள்ளப்படுகிறார்கள். ஆகையால் அந்த நோட்டுப் புத்தகத்தையும் படங்கள் ஒட்டிய அட்டைகளையும் பள்ளியிலேயே விட்டு, வரப்போகிறவரின் கையில் சேர்ப்பித்துவிட்டுப் புறப்படுங்கள்.